அரைப் பேர்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நான் பிறந்து வளர்ந்த காம்பராவும் ஏறத்தாழ இதே அளவுதான். அதில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். இந்த அறையில் இனி ஒரு நேரத்தில் பெரும்பாலும் இரண்டு பேர்தான் இருக்கப்போகிறோம், கதவு சாத்தியிருக்கும். அடுத்த மாதம் முதலாவது ஞாயிற்றுக்கிழமை என் சொந்த உளவளத்துணை (கவுன்சலிங்) நிலையத்தைத் திறக்கவிருக்கிறேன். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்வதும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், இரண்டு நாற்காலி வாங்குவதும் ஒரு கிழமையில் முடிந்துவிட்டன. என்னென்ன சேவைகளைத் தருவது, அவற்றுக்கு எவ்வளவு வாங்குவது என்ற இரண்டையும் தீர்மானிக்க மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். பண்டாரவளையிலோ பதுளையிலோ தலவாக்கலையிலோ என்னைப் போல ஒருவர் இதே கணக்கோடு உட்கார்ந்திருக்கக்கூடும்.

ஒன்பது ஆண்டுகள் தோட்டங்களில் இலவசமாகச் சேவை செய்த ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தேன். வேலையில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது திட்டத்துக்குத் திட்டம் நகர்கிற வேலை. மூன்று ஆண்டுத் திட்டம் ஒரு மார்ச் 31ஆம் திகதி முடிந்தபோது, என்னிடம் வந்துகொண்டிருந்த பதினொரு பேரில் நான்கு பேர் சொல்ல வந்ததில் பாதியைக்கூடச் சொல்லி முடித்திருக்கவில்லை. அடுத்த திட்டம் வேறொரு மாவட்டத்துக்கு என்று நிறுவனம் தீர்மானித்துவிட்டது. கணவனை இழந்த ஓர் அம்மா, தன் மகளைப் பற்றி ஏழாவது சந்திப்பில்தான் முதன்முதலாக வாய் திறந்தார். எட்டாவது சந்திப்பு நடக்கவேயில்லை. (இக்கட்டுரையில் வருகிறவர்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியே எழுதுகிறேன்.) இலவசம் என்பது கேட்பதற்கு நல்ல சொல். ஆனால் அந்த இலவசத்துக்கு யாரோ எங்கோ ஒரு முடிவுத் திகதி குறித்து வைத்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் இதே கதவு திறந்திருக்க வேண்டுமென்றால், அந்த அறையின் செலவை அந்த அறையே சம்பாதிக்க வேண்டும்.

இதை என் தாய்மாமாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் தொழிற்சங்கத்தின் தோட்டத்துத் தலைவராக இருந்தவர் அவர். “நம்ம சனத்துக்கிட்டயே காசு வாங்கப் போறியா, புள்ள?” என்றார். அந்தக் கேள்வி பல நாள் என்னோடு இருந்தது. பிறகு ஒரு மாலை, அவர் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்துக்கொண்டிருக்கையில், “மாமா, நீங்க சங்கத்துக்குச் சந்தா பிடிச்சீங்களே, அது எதுக்கு?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை. “சந்தா குடுத்தவனுக்குத்தான் தலைவரைக் கேள்வி கேக்க உரிமை இருக்கு. சும்மா செஞ்சு குடுத்தா, செஞ்ச வரைக்கும் போதும்னு வாயை மூடிக்கிட்டுப் போயிருவான்” என்றார். சொல்லி முடித்ததும் அவரே சிரித்துவிட்டார். கட்டணம் பற்றி நான் வாசித்த எந்தப் பாடநூலிலும் இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. இலவசமாக வந்தவர்கள் என்னிடம் “நல்லா இருக்கு மிஸ், உதவியா இருக்கு மிஸ்” என்றுதான் சொன்னார்கள். உதவியாக இல்லை என்று சொல்ல அவர்களுக்கு இடமே இருக்கவில்லை.

முதலில் சேவைகளைப் பற்றிச் சொல்கிறேன். நான் எழுதிய முதல் பட்டியலில் பதினான்கு சேவைகள் இருந்தன. தனிநபர், தம்பதியர், குடும்பம், சிறுவர், பரீட்சைப் பயம், மதுப்பழக்கம், ஆளுமை விருத்திப் பயிற்சி, பாடசாலைகளுக்கான கருத்தரங்கு என்று நீண்டது அது. புதிதாகக் கடை திறக்கிறவர் எல்லாச் சாமானையும் அடுக்கி வைக்க நினைப்பது இயல்பு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேராக, “இதை நான் எங்கே கற்றேன், யாருடைய மேற்பார்வையில் செய்தேன்?” என்று எழுதிப் பார்த்தபோது பட்டியல் நான்காகச் சுருங்கியது. வளர்ந்தவர்களுக்கான தனிநபர் உளவளத்துணை, தம்பதியருக்கானது, குடிக்கிறவரோடு வாழ்கிற குடும்பத்தாருக்கானது, சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகள் எழுதும் மாணவர்களுக்கானது. மூன்றாவதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடிக்கிறவர் தானாக வருவது அரிது. வருகிறவர் பெரும்பாலும் மனைவி, அல்லது மூத்த மகள். அவர்கள் “அவரைத் திருத்துங்கள்” என்று கேட்டு வருகிறார்கள். அதை நான் வாக்களிக்க முடியாது. அந்த வீட்டில் அவர்கள் எப்படி உடையாமல் இருப்பது என்பதில் துணைநிற்க முடியும். இந்த வேறுபாட்டைக் கட்டண அட்டையிலேயே ஒரு வரியில் எழுதியிருக்கிறேன், காசு கொடுத்த பிறகு தெரியவருகிற விடயமாக அது இருக்கக்கூடாது.

சிறு பிள்ளைகளை எடுக்கவில்லை. அதற்கான பயிற்சி எனக்கு இல்லை. நீதிமன்றத்துக்கோ வேலைத்தலத்துக்கோ சான்றுக் கடிதம் எழுதுவதில்லை. மருந்து எழுத எனக்கு அதிகாரமில்லை. உறக்கமே இல்லாதவர், குரல்கள் கேட்கிறவர், பிரசவத்துக்குப் பின் பிள்ளையைத் தொடவே மறுக்கிறவர் ஆகியோர் முதலில் உளமருத்துவரைப் பார்க்க வேண்டும். அரச வைத்தியசாலையின் உளநல சிகிச்சைப் பிரிவில் அதற்குக் கட்டணம் இல்லை என்பதையும் சொல்லியே அனுப்புவேன். இலவசமாகக் கிடைப்பதை மறைத்து வைத்துக் காசு வாங்குவது தொழிலாகாது. “அங்கொடைக்கு அனுப்பிருவாங்களா மிஸ்?” என்று பயந்து கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனநல வைத்தியசாலை இருப்பதாலேயே ஓர் ஊரின் பெயர் நம் நாட்டில் வசைச் சொல்லாகிவிட்டது. அந்தப் பயத்தைப் பற்றிப் பேசுவதற்கே சில நேரம் ஓர் அமர்வு முழுவதும் போகும், போகட்டும்.

தொலைபேசி வழியாகச் செய்தால் வாடகையே தேவையில்லையே என்று கூடப் படித்த ஒருவர் கேட்டார். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்களுக்கும், சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறேன். தோட்டத்தில் இருக்கிறவருக்கு அது சரிவராது. லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையில் ஒரு சுவர், மேலே கூரைத் தகரம் எல்லோருக்கும் பொது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் “தண்ணி குடி” என்று குரல் வரும். முன்பு ஒரு பெண் என்னோடு பேசுவதற்காக போனை எடுத்துக்கொண்டு தேயிலை மலைக்குள் ஏறி, மழையில் ஒரு சவுக்கு மரத்தடியில் நின்றார். பத்தே நிமிடத்தில் மேலிருந்து ஒருவர் “யாரோட பேசுற?” என்று கேட்டது எனக்கும் கேட்டது. அன்றிலிருந்து, நான் தருகிற சேவையில் பாதி இந்தச் சாத்திய கதவுதான் என்று நினைக்கிறேன். மருந்துக்கடைக்கு மேல் அறை எடுத்ததும் அதற்காகவே. அதே படிக்கட்டில் ஒரு தையற்கடையும் ஒரு டியூஷன் வகுப்பும் இருக்கின்றன. ஏறிப் போகிறவர் எங்கே போகிறார் என்று யாரும் ஊகிக்க முடியாது.

இனிக் கட்டணம். கொழும்பில் என்னோடு படித்தவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று முதலில் விசாரித்தேன். அதில் பயனில்லை, அவர்கள் கட்டணம் அவர்கள் வாடகைக்கும் அவர்களிடம் வருகிறவர்களின் சம்பளத்துக்கும் பொருந்துவது. ஆகவே என் மாதச் செலவிலிருந்து தொடங்கினேன். அறை வாடகை 28,000 ரூபா. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, இணையம் 9,000. கூட்டிப் பெருக்க வருகிற அக்காவுக்கும் தேநீருக்கும் 6,000. மாதம் இரண்டு தடவை கண்டிக்குப் போய் என் மேற்பார்வையாளரைச் சந்திக்க, பஸ் செலவோடு 12,000. வீட்டுச் செலவு 75,000. கடைசியாக 15,000 ரூபா சேமிப்பு. இந்தச் சேமிப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சம்பளத்துக்கு வேலை செய்தபோது ஊழியர் சேமலாப நிதிக்கு என் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தார்கள், நிறுவனம் 12 வீதம் போட்டது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் போட்டது. சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்கு அதைப் போட யாருமில்லை. மொத்தம் 145,000 ரூபா.

மேற்பார்வைச் செலவைக் குறைக்கலாமே என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில். மற்றவர் துயரத்தை நாள் முழுவதும் கேட்கிற ஒருவர், தான் கேட்டதைச் சரியாகத்தான் கேட்டாரா என்று பார்க்க இன்னொருவர் இருக்க வேண்டும். அந்த 12,000 ரூபா வருகிறவர்களின் பாதுகாப்புக்கானது. வாடகை கூடினால் வீட்டுச் செலவைக் குறைப்பேன், இதைக் குறைக்க மாட்டேன்.

ஒரு நாளில் நான்கு அமர்வுகளுக்கு மேல் எனக்கு முடியாது. ஐந்தாவது ஆள் பேசுவது காதில் விழும், மனம் வாங்காது. வாரத்தில் ஐந்து நாள், இருபது இடங்கள். என் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால், இருபது பேருக்கு நேரம் கொடுத்தால் பதினான்கு பேர் வருகிறார்கள். ஆகவே பதினான்கை வைத்தே கணக்குப் போட வேண்டும். இருபதை வைத்துப் போட்டால் மூன்றாம் மாதமே கதவைச் சாத்த நேரிடும். நான்கு வாரத்துக்கு 56 அமர்வுகள். 145,000 ரூபாவை 56ஆல் வகுத்தால் ஓர் அமர்வுக்கு ஏறத்தாழ 2,590 ரூபா வருகிறது.

இந்த எண்ணைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவுக்கு வந்தது. 2024இல் 1,350 ஆனது. அதுவும் முழுப் பேர், அதாவது ஒரு முழு நாள் வேலைக் கணக்கு, விழுந்தால்தான். குறித்த கிலோவுக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர், பாதிச் சம்பளம். வறட்சிக் காலத்தில் மாதத்தில் பாதி நாளும் அரைப் பேர் வாங்கிய அம்மாவின் மகள் நான். 1,350 ரூபா கணக்கில் 2,590 என்பது ஏறக்குறைய இரண்டு நாள் மலையில் நின்ற கூலி. அதோடு வேலை நாளில் என்னிடம் வந்தால் அன்றைய பேரும் போய்விடும், பஸ் செலவும் சேரும். ஒரு மணிநேரம் பேசுவதற்கு மூன்று நாள் உழைப்பு. என் அம்மா உயிரோடு இருந்து என்னிடமே வர நினைத்திருந்தால், வந்திருக்க மாட்டார்.

எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்ற எண்ணத்தை அங்கேதான் கைவிட்டேன். வங்கியில் வேலை செய்கிறவரும் நகரத்தில் மொத்த வியாபாரம் செய்கிறவரும் மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற கொழுந்து பறிக்கும் அக்காவும் ஒரே தொகையைக் கொடுத்தால், அது பார்வைக்குச் சமமாகத் தெரியும், சுமை சமமாக இராது. ஆகவே மூன்று படிகள். முழுக் கட்டணம் 4,500 ரூபா. நடுக் கட்டணம் 2,500. மூன்றாவது படிக்குத் தொகையே எழுதவில்லை. “அன்றைய நாட்சம்பளத்தில் அரைப் பேர்” என்றுதான் அட்டையில் இருக்கிறது. நாட்சம்பளம் 1,350 ஆக இருந்தபோது அது 675 ரூபா. நாட்சம்பளம் கூடினால் அதுவும் கூடும். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள், அரைப் பேர் என்றால் என்னவென்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வாரத்தில் ஐந்து பேர் முழுக் கட்டணமும் ஐந்து பேர் நடுக் கட்டணமும் நான்கு பேர் அரைப் பேரும் கொடுத்தால் 37,700 ரூபா, நான்கு வாரத்துக்கு 150,800. செலவுக்கு மேல் 5,800 ரூபாதான் மிஞ்சுகிறது. ஆறு மாதத்துக்காவது முழுக் கட்டணக்காரர் குறைவாக இருப்பார்கள் என்பதால், ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அரைப் பேர்க் கட்டணத்துக்கு ஞாயிற்றுக்கிழமையின் நான்கு இடங்களும் சனி பின்னேரத்தில் இரண்டு இடங்களும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் கோயிலுக்கும் சனம் ஹட்டனுக்கு வருகிற நாள். பேர் போகாது, ஏன் டவுனுக்குப் போனாய் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். திங்களும் செவ்வாயும் எனக்கு விடுமுறை.

யார் எந்தப் படி என்பதை யார் தீர்மானிப்பது? சம்பளத் துண்டைக் காட்டச் சொல்லலாம் என்றார்கள். தோட்டத்துச் சனம் வாழ்நாள் முழுவதும் எதையாவது நிரூபிப்பதற்கு ஏதாவது துண்டைக் காட்டியே வந்திருக்கிறது. என் அறையில் அது வேண்டாம். வருகிறவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: “இந்தத் தொகையை மாதம் நான்கு தடவை கொடுத்தால் வீட்டில் எதை நிறுத்த வேண்டிவரும்?” அரிசி, மருந்து, பிள்ளையின் டியூஷன் என்று பதில் வந்தால் ஒரு படி கீழே வரலாம். வேறு எதையாவது என்றால் அந்தப் படியிலேயே இருக்கலாம். பொய் சொல்கிறவர் இருக்கத்தான் செய்வார். அவரைக் கண்டுபிடிக்கப்போய் மற்றப் பத்துப் பேரையும் சந்தேகிக்கிற நிலையை நான் விரும்பவில்லை.

கடன் வைப்பதில்லை என்பதைத்தான் கடினமான முடிவாகச் சொல்வேன். பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் இல்லையென்பது எப்படி? ஆனால் தோட்டத்துக் கடைக் கொப்பியை நான் அறிவேன். சிறுமியாக இருந்தபோது, கொப்பியில் பாக்கி ஏறியிருந்த மாதங்களில் அம்மா கடைக்கு முன்னால் நடக்க மாட்டார். குறுக்குப் பாதையில் மலையேறி இறங்கி என்னைப் பாடசாலைக்குக் கூட்டிப் போவார். கடன் வைத்தவர் அந்த வாசலைத் தவிர்ப்பார். என்னிடம் மூன்று அமர்வுக்குப் பாக்கி வைத்தவர் நான்காவதுக்கு வரமாட்டார், அவர் வந்தே ஆகவேண்டிய நாளாக அது இருக்கலாம். ஆகவே கையில் இல்லாத வாரத்தில் அன்றைய அமர்வுக்குக் கட்டணமே இல்லை, கொப்பியிலும் எழுதுவதில்லை. பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டினால் கழிவு தருகிற முறையையும் இதே காரணத்தால் விட்டுவிட்டேன்; போதும் என்று தோன்றும்போது எழுந்து போகிற சுதந்திரம் வருகிறவருக்கு இருக்க வேண்டும்.

அமர்வு ஐம்பது நிமிடம். முதலாவது அமர்வு மட்டும் எண்பது நிமிடம், அதே கட்டணம். தோட்டத்திலிருந்து வருகிறவர்களில் பலருக்கு இரண்டாவது தடவை வர வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஒரே தடவை வந்தவரும் வெறுங்கையோடு திரும்பாதபடி அந்த முதல் சந்திப்பு தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். தம்பதியருக்கும் எண்பது நிமிடம், ஒன்றரை மடங்கு கட்டணம். இருவரும் தோட்டத்தில் வேலை செய்தால் ஆளுக்கு அரைப் பேர்.

வராமல் போனால் கட்டணம் அறவிடுவது பல இடங்களில் வழக்கம். மலையில் மண் சரிந்து பாதை மூடும், பஸ் வராது, தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் யாருமே நகர மாட்டார்கள். முழுக் கட்டணமும் நடுக் கட்டணமும் கொடுப்பவர்கள் முதல் நாள் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லாவிட்டால் பாதிக் கட்டணம். அரைப் பேர்க்காரருக்கு அந்த விதி இல்லை.

அவசர நிலைக்கு வருகிறேன். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நடந்தன. கொடிய பூச்சிமருந்துகளின் இறக்குமதியைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அந்த எண்ணிக்கை பெருமளவு இறங்கியது. அந்தக் காலத்தில் எங்கள் லயத்திலும் ஒரு அக்கா போனார், நான் அப்போது ஆறாம் வகுப்பு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு ஒருவர் படியேறி வந்தால் அந்தச் சந்திப்புக்குக் கட்டணம் கிடையாது, அன்றே வைத்தியசாலைக்குக் கூடவே போவேன். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் போன் எடுப்பேன் என்று வாக்களிக்க முடியாது. தனியொருத்தியால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. அட்டையின் பின்பக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன். அது இருபத்துநான்கு மணிநேரமும் கிடைக்கும்.

தீர்க்கப்படாமல் இருப்பது ஒன்றுதான். திட்டம் முடிந்த மாதத்தில், மகளைப் பற்றிப் பேசத் தொடங்கிய அந்த அம்மா, லீக்ஸ் கட்டு ஒன்றும் கரட்டும் உருளைக்கிழங்கும் நிறைந்த உரப்பை ஒன்றை அலுவலக வாசலில் வைத்துவிட்டுப் போனார். நிறுவன விதிப்படி அன்பளிப்பு வாங்கக்கூடாது. திருப்பிக் கொடுத்தேன். பையின் வாயைக் கட்டியிருந்த சணல் கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டிருந்தார். திருப்பி வாங்கும்போது அந்த முடிச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. இனிக் கட்டணத்துக்குப் பதிலாக மரக்கறி வாங்க மாட்டேன். அப்படி வாங்கினால் கிலோவுக்கு விலை பேச வேண்டிவரும். கட்டணமும் கொடுத்து, அதற்கு மேல் தன் தோட்டத்தில் விளைந்ததையும் ஒருவர் கொண்டுவந்தால் என்ன செய்வது என்பதை என் மேற்பார்வையாளரோடு அடுத்த சந்திப்பில் பேசவிருக்கிறேன். அந்த அம்மாவுக்கும் புது அறையின் விலாசத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு காலை ஒன்பதரை மணி இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.